விரல்களை வகுக்கும் ஜீன்

பிறந்த குழந்தையைக் காணச் செல்வோர் முதலில் அதன் முகத்தைப் பார்க்கின்றனர். அடுத்தபடியாக விரல்களை எண்ணுகின்றனர். இரு கைகளிலும் ஐந்தைந்து விரல்கள் சரியாக இருப்பின் வீட்டில் மகிழ்ச்சி நிலவுகிறது. நடுவிரலும் மோதிரவிரலும் ஒரே தோலால் ஒட்டியிருந்து, அவற்றினிடையே மற்றுமொரு விரல் புதைந்திருக்கக் கண்டால், மகிழ்ச்சி மறைந்து கேள்விகள் எழுகின்றன. "கிரகணத்தன்று வெளியே வந்தாயா? கத்தியை எடுத்துக் காய் நறுக்கினாயா?" என்று தாயைக் கேட்கின்றனர். அவள் விடை கூற இயலாமல் தலை குனிகிறாள். கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியர் பலர் இக்காட்சியை அறிவர்.

இக்கேள்விக்கு இன்று விஞ்ஞானம் திட்டமான விடை தருகிறது. அவ்விடை ஒரு ஜீனில் இருக்கிறது. ஹாக்ஸ்-டி 13 என்பது அதன் பெயர். மனிதக் கருவில் கையையும் காலையும் வகுத்தமைக்கும் வேலையில் முக்கிய பங்கு கொள்ளும் ஜீன் இது. இது யாது, கருவில் எப்பொழுது வேலை செய்கிறது, அதில் நேரும் ஒரு சிறு மாற்றம் விரல்களை எவ்வாறு மாற்றுகிறது என்பனவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். அறிந்தவர் ஒருவர் அவ்வீட்டிற்குச் சென்றால், தாயின் மீது சுமத்தப்படும் பழியை நீக்க முடியும்.

ஈயின் தலையில் முளைத்த கால்

இந்த ஜீனின் வரலாறு மனிதனிடமிருந்து தொடங்கவில்லை. பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சிறிய பழ ஈயிடமிருந்து தொடங்குகிறது.

1894-ஆம் ஆண்டில் வில்லியம் பேட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, உயிரினங்களில் சில வேளைகளில் ஓர் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் உறுப்பு முழு வடிவத்துடன் அமைந்திருப்பதைத் தொகுத்துக் காட்டினார். அதற்கு 'ஹோமியோசிஸ்' என்று பெயரிட்டார். 1915-இல் அமெரிக்காவில் கால்வின் பிரிட்ஜஸ் என்பவர் இத்தகைய பழ ஈ ஒன்றைக் கண்டெடுத்தார். ஈக்கு இயல்பாக இரண்டு சிறகுகளே உண்டு. அவற்றின் பின்னால், பறக்கும்போது உடலை நிலைநிறுத்த உதவும் இரு சிறு குமிழ்கள் உள்ளன. பிரிட்ஜஸ் கண்ட ஈயில் அக்குமிழ்கள் சிறகாக மாறத் தொடங்கியிருந்தன. வேறொரு வகை ஈயில், தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால்கள் முளைத்திருந்தன.

இவ்வீக்களில் உறுப்பு எதுவும் பழுதாக அமையவில்லை என்பதை நோக்க வேண்டும். கால் செவ்வையான காலாகவே இருந்தது; அது அமைந்த இடந்தான் தவறு. ஆகவே உறுப்பை உண்டாக்கும் ஜீன்கள் வேறு, எந்த இடத்தில் எவ்வுறுப்பு என்று ஆணையிடும் ஜீன்கள் வேறு என்பது புலப்பட்டது. இந்த ஆணையிடும் ஜீன்களை எட்வர்ட் லூயிஸ் என்ற அறிஞர் பல்லாண்டுகள் ஆராய்ந்து, தம் முடிவுகளை 1978-இல் வெளியிட்டார். அவை குரோமோசோமில் வரிசையாக அமைந்துள்ளன என்றும், அவ்வரிசையும் ஈயின் உடற்பகுதிகளின் வரிசையும் ஒத்திருக்கின்றன என்றும் அவர் கண்டார். 1995-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு லூயிஸுக்கும், ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்த கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷவுஸ் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது.

1984-இல் மற்றொரு வியப்பு வெளிப்பட்டது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெரிங் என்பவரின் ஆய்வுக்கூடத்திலும், அமெரிக்காவின் இந்தியானாவிலும் இவ்வாணை ஜீன்கள் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டன. டி.என்.ஏ. இழையில் 180 எழுத்துக்கள் கொண்ட ஒரு பகுதி அந்த ஜீன்களில் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருந்தது. அப்பகுதிக்கு 'ஹோமியோபாக்ஸ்' என்று பெயர் வைத்தனர். அதே ஆண்டில் அப்பகுதி தவளையிலும் எலியிலும் மனிதனிலும் இருப்பது தெரியவந்தது. ஈயும் மனிதனும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகியும் இப்பகுதி அழியாமல் காக்கப்பட்டிருக்கிறது.

மடை திறக்கும் நீர்பாய்ச்சி

180 எழுத்துக்கள் 60 அமினோ அமிலங்களைக் குறிக்கும். இந்த 60 அமினோ அமிலங்களும் மூன்று சிறு சுருள்களாக மடிந்து நிற்கின்றன. மூன்றாவது சுருள் டி.என்.ஏ. இழையின் பள்ளத்தில் விரல்போல் பொருந்தி, வேறு ஜீன்களின் தொடக்கப் பகுதிகளைப் பற்றிக்கொள்கிறது. அவ்வாறு பற்றிக்கொள்வதால் சில ஜீன்கள் திறக்கின்றன, சில மூடுகின்றன.

ஏரிப் பாசனம் நடைபெறும் ஊர்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். அவர் உழுவதில்லை, நாற்று நடுவதுமில்லை. எந்த மடையை எப்பொழுது திறப்பது, எதனை அடைப்பது என்பதே அவர் வேலை. ஆயினும் அவர் தவறினால் ஒரு வயல் காயும். மற்றொரு வயல் மூழ்கும். ஹோமியோபாக்ஸ் ஜீனின் புரதமும் அத்தகையதே. அது எலும்பைச் செய்வதில்லை. எலும்பைச் செய்யும் ஜீன்களுக்குரிய மடையைத் திறந்து மூடுகிறது.

மனிதனிடம் ஹோமியோபாக்ஸ் கொண்ட ஜீன்கள் இருநூறுக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் லூயிஸ் கண்டவற்றோடு நெருங்கிய உறவுடையவை 'ஹாக்ஸ்' ஜீன்கள் எனப்படும். அவை 39. ஈயில் ஒரு தொகுதியாக உள்ளவை மனிதனில் நான்கு தொகுதிகளாகப் பெருகியுள்ளன. ஏ தொகுதி 7-ஆம் குரோமோசோமிலும், பி தொகுதி 17-ஆம் குரோமோசோமிலும், சி தொகுதி 12-ஆம் குரோமோசோமிலும், டி தொகுதி 2-ஆம் குரோமோசோமிலும் உள்ளன. ஒவ்வொரு தொகுதியிலும் 1 முதல் 13 வரை எண்ணிடப்படுகிறது. சில எண்கள் சில தொகுதிகளில் இல்லை. டி தொகுதியில் ஒன்பது ஜீன்கள் உள்ளன. சிறிய எண்ணுடையவை தலைப்பக்கத்திலும், பெரிய எண்ணுடையவை உடலின் கடைப்பக்கத்திலும் வேலை செய்கின்றன. 13 என்பது வரிசையின் கடைசி. கை கால்களில் கடைசியாக அமைவன விரல்களே. அங்கே ஹாக்ஸ்-டி 13 வேலை செய்வது இவ்வரிசை முறைக்கு ஒத்ததேயாகும்.

கை உருவாகும் முப்பது நாட்கள்

கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால், ஏறக்குறைய 26 அல்லது 27-ஆம் நாளில் கருவின் பக்கத்தில் ஒரு சிறு புடைப்புத் தோன்றுகிறது. அதுவே கையின் மொட்டு. கரு அப்பொழுது ஓர் அரிசி மணியிலும் சிறியது. நீளம் 4 மில்லிமீட்டர் அளவே. கால் மொட்டு ஓரிரு நாட்கள் பிந்தித் தோன்றுகிறது. ஐந்தாவது வாரத்தில் கை மொட்டின் நுனி துடுப்புப் போல் தட்டையாகிறது. ஆறாவது வாரத்தில் அத்துடுப்பினுள் விரல்களுக்குரிய ஐந்து குருத்தெலும்புக் கோடுகள் தெரிகின்றன. பின்னர் அவற்றிற்கு இடையேயுள்ள உயிரணுக்கள் தாமாகவே மடிந்து, இடைவெளி உண்டாகிறது. எட்டாவது வாரம் முடியுமுன் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. அப்பொழுது கருவின் நீளம் சுமார் 30 மில்லிமீட்டர்.

இந்நாட்களை ஊழியர் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். பெண்ணுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போய், அவள் கர்ப்பமென்று ஐயுற்று, சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்யும்பொழுது, பெரும்பாலும் கையின் மொட்டு தோன்றி வளர்ந்துகொண்டிருக்கும். வயிறு வெளியே தெரியும்பொழுது விரல்கள் அமைந்து முடிந்து பல வாரங்கள் கழிந்திருக்கும்.

மொட்டு கையாக மாறுவதற்கு மூன்று வகைக் கட்டளைகள் தேவை. முதலாவது, நுனியின் விளிம்பிலுள்ள மேல்தோல் மேட்டிலிருந்து வருகிறது. ஜான் சாண்டர்ஸ் என்பவர் 1948-இல் கோழிக் கருவில் அவ்விளிம்பை வெட்டி நீக்கினார். சிறகு குறையாக நின்றது. எவ்வளவு முன்னதாக வெட்டினாரோ அவ்வளவு குறை மிகுந்தது. விளிம்பு மேடு மொட்டை நீள வளரச் செய்கிறது என்பது இதனால் விளங்கிற்று. இரண்டாவது கட்டளை, சுண்டுவிரல் பக்கத்திலுள்ள ஒரு சிறு திட்டிலிருந்து வருகிறது. அத்திட்டு 'சானிக் ஹெட்ஜ்ஹாக்' என்னும் புரதத்தைச் சுரக்கிறது என்று 1993-இல் அறியப்பட்டது. விரல்கள் எத்தனை, எந்தப் பக்கம் கட்டைவிரல், எந்தப் பக்கம் சுண்டுவிரல் என்பன இதனைச் சார்ந்தவை. மூன்றாவது, இக்கட்டளைகளைப் பெற்று உயிரணுக்களின் உள்ளே நிறைவேற்றும் ஹாக்ஸ் ஜீன்கள்.

இருமுறை விழிக்கும் தொகுதி

டி தொகுதியின் ஜீன்கள் கை மொட்டில் இருமுறை விழித்தெழுகின்றன. முதல் முறை எழுவது மேற்கையும் முன்கையும் அமைப்பதற்காக. இரண்டாம் முறை எழுவது உள்ளங்கையையும் விரல்களையும் அமைப்பதற்காக. முதல் முறைக்குரிய கட்டளைப் பகுதிகள் தொகுதியின் ஒரு பக்கத்து டி.என்.ஏ. இழையில் உள்ளன, இரண்டாம் முறைக்குரியவை மறுபக்கத்தில் உள்ளன. இரண்டிற்கும் இடையே இந்த ஜீன்களின் வேலை குறைந்த ஓர் இடம் உண்டாகிறது. மணிக்கட்டு அங்கே அமைகிறது.

இரண்டாம் முறையில் மற்றவற்றிலும் மிகுதியாக உழைப்பது ஹாக்ஸ்-டி 13. கட்டைவிரல் அமையும் இடத்தில் டி தொகுதியைச் சேர்ந்தவற்றுள் இது ஒன்றே வேலை செய்கிறது. மற்ற நான்கு விரல்களில் இதன் அண்டை ஜீன்களும் துணை நிற்கின்றன.

எலிகளில் நிகழ்த்திய சோதனைகள் இதனை உறுதி செய்தன. 1995-இல் ஏ 11, டி 11 என்ற இரு ஹாக்ஸ் ஜீன்களையும் ஒருசேர நீக்கியபோது, எலியின் முன்கையிலுள்ள இரு எலும்புகளும் ஏறக்குறைய மறைந்தன. மேற்கையும் பாதமும் இருந்தன. 1996-இல் ஏ 13, டி 13 என்ற இரண்டையும் நீக்கியபோது, முன்கை இருந்தது; விரல்களுக்குரிய குருத்தெலும்புத் திரட்சி ஏறக்குறைய முற்றிலும் இல்லாமற்போயிற்று. கைக்கு விரல் வேண்டுமாயின் பதின்மூன்றாம் எண்ணுள்ள ஜீன் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

மீனுக்கு விரல் இல்லை. எனினும் 13-ஆம் ஹாக்ஸ் ஜீன்கள் அதற்கும் உண்டு. அவை அங்கு என்ன செய்கின்றன என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 2016-இல் சிகாகோவில் நடந்த ஆய்வு இதற்கு விடை அளித்தது. வரிக்குதிரை மீன் எனப்படும் சிறு மீனில் அந்த ஜீன்களைச் செயலறச் செய்தபோது, துடுப்பின் நுனியிலுள்ள கதிர்கள் குறைந்தன. மீனின் துடுப்புக் கதிரும் நம் விரலும் பழைய ஒரே திட்டத்தின் இரு பயன்கள் என்று இதனால் அறிகிறோம்.

நம் நாட்டிலும் இத்துறையில் உழைப்பு நடந்துள்ளது. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள், பழ ஈயில் ஹாக்ஸ் ஜீன்களின் எல்லைகள் எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதையும், சிறகுக்கும் குமிழுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு ஹாக்ஸ் ஜீன் எவ்வாறு உண்டாக்குகிறது என்பதையும் ஆராய்ந்துள்ளனர்.

பதினைந்து மணிகள்

இனி மனிதனிடம் நேரும் மாற்றத்தைக் காண்போம். துருக்கி நாட்டில் அஃப்யோன் மாநிலத்தில் டெர்பெண்ட் என்ற கிராமத்தைச் சார்ந்த ஒரு பெருங்குடும்பத்தில், விரல்கள் ஒட்டியும் மிகுந்தும் இருக்கும் நிலை தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சியாளர் கிராமத்திற்கே சென்று வீடு வீடாக விசாரித்து, ஏழு தலைமுறையைச் சேர்ந்த 425 பேரின் வமிசாவளியை எழுதினர். அவர்களுள் 182 பேருக்கு இந்நிலை இருந்தது. அறிக்கை 1995-இல் வெளிவந்தது. காரணமான ஜீன் 2-ஆம் குரோமோசோமில், ஹாக்ஸ் டி தொகுதி உள்ள இடத்திலேயே இருக்கிறது என்று அவ்வாண்டே அறியப்பட்டது. களப்பணியின் பயனுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1996-இல் முராகாக்கி, முண்ட்லாஸ், அப்டன், ஓல்சன் ஆகிய நால்வரும் வேறு மூன்று குடும்பங்களை ஆராய்ந்து, மாற்றம் யாதெனக் காட்டினர். ஹாக்ஸ்-டி 13 புரதத்தின் முற்பகுதியில் அலனின் என்னும் அமினோ அமிலம் தொடர்ந்து 15 முறை வருகிறது. ஒரே நிறமுள்ள 15 மணிகளை அடுத்தடுத்துக் கோத்தது போன்ற அமைப்பு அது. இக்குடும்பங்களில் மணிகள் மிகுந்திருந்தன: ஒன்றில் 7, மற்றொன்றில் 8, இன்னொன்றில் 10 அதிகம். ஹோமியோபாக்ஸ் பகுதியில் மாற்றமில்லை. மணித்தொடர் நீண்டதே குற்றம்.

தொடர் நீளுவது எவ்வாறு? பழைய ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதுவோர், ஒரே சொல் பலமுறை வரும் வரியில் இடந்தவறிச் சில சொற்களை மீண்டும் எழுதிவிடுவதுண்டு. பெற்றோர் ஒருவரின் உடலில் இனவணுக்கள் உண்டாகும்போது, இணையான இரு குரோமோசோம்கள் பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரே மாதிரியான எழுத்துக்கள் நிறைந்த இடத்தில் அவை சிறிது விலகிப் பொருந்தினால், ஒன்றில் சில மணிகள் மிகும். இவ்வாறு ஒருமுறை மிகுந்தது, பின்னர் தலைமுறைகளில் பெரும்பாலும் அதே அளவில் நிலைத்து வருகிறது.

நீண்ட தொடருள்ள புரதம் செவ்வையாக மடிவதில்லை. அது உயிரணுவின் கருவினுள் சென்று ஜீன்களைப் பற்ற வேண்டியிருக்க, வெளியிலேயே திரண்டு தங்கிவிடுவதைச் சோதனைகளில் கண்டுள்ளனர். உள்ளே சென்றவையும் துணைப் புரதங்களோடு முறையாகக் கூடுவதில்லை. இதைவிடக் கேடு ஒன்றுண்டு: அண்டை ஹாக்ஸ் புரதங்களின் வேலையையும் அது கெடுக்கிறது. எலியில் டி 13 ஒன்றை மட்டும் நீக்கினால் குறை சிறிதாகவே இருக்கிறது. டி 11, 12, 13 ஆகிய மூன்றையும் ஒருசேர நீக்கினாலே மனிதனில் காணும் நிலையை ஒத்த விரல்கள் தோன்றுகின்றன. வேலைக்கு வராத நீர்பாய்ச்சியைவிட, மடைகளைத் தவறாக அடைத்துச் செல்லும் நீர்பாய்ச்சியால் இழப்பு அதிகம் அன்றோ?

1997-இல் பல குடும்பங்களை ஒப்பிட்டு மற்றொன்றும் அறியப்பட்டது. மிகுந்த மணிகள் 7 முதல் 14 வரை வேறுபடுகின்றன. எண்ணிக்கை கூடக்கூட விரல்களின் குறையும் கூடுகிறது. மணிகளின் கணக்கு கையில் எழுதப்பட்டிருக்கிறது என்று கூறலாம்.

குடும்பத்தில் பரவும் முறை

இந்நிலையை மருத்துவர் 'சின்பாலிடாக்டிலி' என்பர். ஒட்டிய பல விரல் என்பது அதன் பொருள். கையில் நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டி, அவற்றிடையே ஒரு விரலின் எலும்பு இரட்டித்திருக்கும். காலில் நான்காம், ஐந்தாம் விரல்களிடையே அவ்வாறே காணப்படும். குழந்தையின் அறிவுக்கும் ஆயுளுக்கும் இதனால் குறைவில்லை.

ஒவ்வொருவரிடமும் ஹாக்ஸ்-டி 13 இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தந்தையிடமிருந்தும் ஒன்று தாயிடமிருந்தும் வந்தது. இரண்டில் ஒன்று மாறியிருந்தாலே நிலை வெளிப்படும். இந்நிலையுள்ள ஒருவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் இது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆண், பெண் என்ற வேறுபாடில்லை. முதற் குழந்தைக்கு வந்துவிட்டது, ஆகவே அடுத்ததற்கு வராது என்று கருதுவது பிழை. ஒவ்வொரு முறையும் நாணயத்தைப் புதிதாகச் சுண்டுவதாகவே கொள்ள வேண்டும்.

சிலரிடம் மாறிய பிரதி இருந்தும் கை ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். சுண்டுவிரல் சற்று வளைந்திருப்பது மட்டுமே அடையாளமாக இருக்கலாம். அத்தகைய தந்தை தம் கையில் குறையில்லை என்று கூறி மனைவியைக் குற்றம் சாட்டுவாராயின், அது அறியாமையால் விளைவது. அவர் கையை எக்ஸ்-கதிரால் படமெடுத்தால் எலும்பில் மாற்றம் தெரியக்கூடும்.

இந்நிலையுள்ள இருவர் மணம் செய்துகொண்டால், நான்கில் ஒரு வாய்ப்பில் குழந்தை இரு மாறிய பிரதிகளையும் பெறும். அப்பொழுது குறை மிகக் கடுமையாகும். உள்ளங்கையின் நீண்ட எலும்புகள் மணிக்கட்டு எலும்புகள் போலக் குறுகிவிடும்; கை சிறுத்து, விரல்கள் குட்டையாக அமையும். உறவில் மணம் செய்யும் வழக்கமுள்ள பகுதிகளில், ஒரே வமிசத்தைச் சேர்ந்த இருவர் இவ்வாறு இணைதல் கூடும். திருமணத்திற்கு முன் மரபியல் ஆலோசனை கூறுவது அங்கே பயனுடையது.

கிரகணமும் கத்தியும்

இப்பொழுது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். மணிகளின் எண்ணிக்கை கருவுற்ற கணத்திலேயே முடிவாகிவிட்டது. தாய் அதன் பின் எதை உண்டாள், எதை நறுக்கினாள், எந்தக் கிரகணத்தில் எங்கே நின்றாள் என்பனவற்றால் 15 மணிகள் 22 ஆவதில்லை. கிரகணம் என்பது சூரியன், சந்திரன், பூமி ஆகியவற்றுள் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மீது விழுவதேயாகும். அந்நிழல் கருவின் ஜீனைத் தொடுவதில்லை. கூடுதல் விரலை அதிர்ஷ்டம் என்று போற்றுவாரும் உளர். ஒட்டிய விரலைச் சாபம் என்று தூற்றுவாரும் உளர். இங்கே இரண்டும் ஒரே ஜீனின் ஒரே மாற்றத்தால் ஒரே கையில் விளைபவை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. கை கால் குறைகள் யாவும் ஹாக்ஸ்-டி 13 காரணமாக வருவன என்று முடிவு செய்யலாகாது. சுண்டுவிரல் ஓரத்தில் ஆறாவது விரல் தொங்கும் எளிய நிலை இதனினும் மிகுதியாகக் காணப்படுவது. அதற்குப் பிற ஜீன்கள் காரணமாகலாம். கட்டைவிரல் இரட்டித்திருப்பது சில குடும்பங்களில் சானிக் ஹெட்ஜ்ஹாக் ஜீனிலிருந்து பத்து லட்சம் எழுத்துக்கள் அப்பாலுள்ள ஒரு கட்டளைப் பகுதியின் மாற்றத்தால் வருகிறது. மருந்தாலும் குறை நேரலாம். 1957 முதல் 1961 வரை ஐரோப்பாவில் விற்கப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் கை கால் குறையுடன் பிறந்தன. ஆகவே கர்ப்பிணி மருத்துவரைக் கேளாமல் எம்மருந்தையும் உண்ணலாகாது என்ற அறிவுரை எக்காலத்தும் உரியது. இரும்புச்சத்து மாத்திரையும் போலிக் அமில மாத்திரையும் ஹாக்ஸ்-டி 13 மாற்றத்தைத் தடுப்பனவல்ல. ஆயினும் இரத்தசோகையையும் தண்டுவடக் குறையையும் தவிர்ப்பதற்கு அவை இன்றியமையாதவை. அவற்றை நிறுத்தலாகாது.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

ஆஷா பணியாளர் பிறந்த குழந்தையை முதல் 42 நாட்களுள் பலமுறை சென்று பார்க்கின்றனர். எடையும் வெப்பமும் குறிக்கும்போது, கைகளையும் கால்களையும் விரித்துப் பார்த்தல் வேண்டும். ஒட்டிய விரலோ மிகுந்த விரலோ இருப்பின் அதனைப் பதிவு செய்து, மருத்துவ அலுவலரிடம் அனுப்புக. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால சுவாஸ்திய காரியக்கிரமத்தின்படி, பிறவிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு உள்ளது. அவ்வழியை வினவிப் பயன்கொள்ளலாம்.

கூடுதல் விரலை நூலாலோ தலைமயிராலோ இறுகக் கட்டி உதிரவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இதனைத் தடுக்க வேண்டும். ஒட்டிய விரல்களின் உள்ளே எலும்பும் இரத்தக் குழாயும் நரம்பும் பின்னியுள்ளன. கட்டினால் சீழ் வைத்து, நல்ல விரலும் கெடும். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, அறுவை மருத்துவர் பிரிப்பதே முறை. பொதுவாக ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையே அறுவை செய்கின்றனர். பென்சில் பிடிக்கும் பருவத்திற்குமுன் கை பயன்படத் தொடங்க வேண்டும் என்பது நோக்கம்.

வமிசாவளியைக் கேட்டெழுதுவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். மூன்று தலைமுறை போதுமானது. இதனைத் தாயிடம் தனியே கேட்பது நன்று. மாமியாரும் அயலாரும் சூழ்ந்திருக்கக் கேட்டால் விசாரணை போலாகும். தந்தையின் கைகளையும் தவறாது பார்க்க. மத்திய அரசின் உயிரிதொழில்நுட்பத் துறை 2019-இல் 'உம்மீத்' என்ற திட்டத்தைத் தொடங்கி, அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் மரபுநோய்களைக் கண்டறிந்து ஆலோசனை கூறும் 'நிதான்' மையங்களை நிறுவியது. அருகில் அத்தகைய மையமோ மருத்துவக் கல்லூரியோ எங்குள்ளது என்பதை ஊழியர் அறிந்து வைத்திருத்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தை வகுப்பில் நடத்த விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வெள்ளை மணிகள் 15 கோத்த ஒரு நூலும், 22 கோத்த ஒரு நூலும் போதும். இரண்டின் முனையிலும் கம்பியால் மூன்று சிறு சுருள்கள் செய்து இணைத்தால், அவை ஹோமியோபாக்ஸ் பகுதியைக் குறிக்கும். சுருள்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க, மணித்தொடர் மட்டும் வேறுபடுவதை மாணவர் கையால் தொட்டு உணர்வர். பிறகு நாணயத்தைப் பலமுறை சுண்டிவிட்டு எழுதச் செய்தால், இரண்டில் ஒன்று என்ற வாய்ப்பு விளங்கும். கோழியின் சிறகெலும்பு, மீனின் துடுப்பு, தம் கை ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொன்னால், ஒரே திட்டம் மூன்று வகையாகப் பயன்பட்டிருப்பதை அவர்களே கூறுவர்.

ஒன்றை மட்டும் செய்யலாகாது. வகுப்பில் ஒட்டிய விரலோ ஆறாவது விரலோ உள்ள மாணவன் இருப்பின், அவனை எழுப்பி நிறுத்திக் கையைக் காட்டச் சொல்லலாகாது. அவன் வீட்டு வமிசாவளியைக் கரும்பலகையில் எழுதலாகாது. பாடத்திற்கு மணிகளே போதும். அம்மாணவன் இப்பாடத்தைக் கேட்டு, தன் கை எவருடைய பாவத்தாலும் வந்ததன்று என்று தானே அறிந்துகொள்வானாயின், அதுவே பாடத்தின் முழுப் பயன்.

நம் ஒவ்வொருவரின் கையும், கரு ஓர் அரிசி மணியளவு இருந்த நாட்களில், ஈயும் மீனும் எலியும் பகிர்ந்துகொள்ளும் பழமையான ஒரு திட்டத்தின்படி வகுக்கப்பட்டது. அத்திட்டம் பல கோடி முறை பிழையின்றி நிறைவேறுகிறது. அரிதாக ஓரிடத்தில் சில மணிகள் மிகுந்துவிடுகின்றன. அதனை அறிந்த ஊழியர், அடுத்த முறை அத்தகைய வீட்டிற்குச் செல்லும்போது, முதலில் தாயின் அருகில் அமர்ந்து, "அம்மா, இது நீங்கள் செய்த எதனாலும் வந்ததன்று" என்று கூறுக. அதன் பின் மருத்துவமனைக்குச் செல்லும் நாளைக் குறிக்கலாம்.